வெளுத்த கருப்புக் குர்தா, ஜன்னல் திரை: வீட்டிலேயே சாயம் ஏற்றினால் நிற்குமா?

முல்லைக்கொடி, திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் கருப்புக் காட்டன் குர்தா இரண்டு இருக்கிறது. தையல் கெட்டி, துணியும் நைந்து போகவில்லை. ஆனால் வெயிலில் காயப்போட்டுப் போட்டு தோள் பக்கம் எலி நிறத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டபோது வாங்கிய கருப்பு வேட்டிகளும் அதே கதிதான். அப்புறம் ஹாலில் சந்தன நிறத் திரைகள். அதைக் கரும்பச்சையாக மாற்ற ஆசை.

சாயம் போட்டுத் தரும் கடை ஒன்றில் போன வருஷம் ஒரு சுடிதார் கொடுத்தேன். முதல் துவையலிலேயே வாளித் தண்ணீர் மை மாதிரி ஆனது. அதனால் இந்தத் தடவை நானே செய்யலாம் என்று பார்க்கிறேன். ஆன்லைனில் சின்னப் பாக்கெட்டில் சாயப்பொடி கிடைக்கிறது, கொதிக்க வைத்து உப்பு போட்டால் போதும் என்கிறார்கள். நிஜமாகவே போதுமா? எந்தப் பாத்திரம்?

காவேரிக்கரை, கும்பகோணம்

போதும்மா. நாங்கள் காலகாலமாகச் செய்வதுதான். கொதிக்கிற தண்ணீரில் சாயப்பொடியும் ஒரு கைப்பிடி கல் உப்பும் போட்டு, துணியை முக்கி அரை மணி நேரம் கிளறி விட வேண்டும். எடுத்ததும் வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு முறை அலசினால் சாயம் பூட்டிக்கொள்ளும். புதுச் சேலை வாங்கினாலும் முதல் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான் எங்கள் வீட்டில்.

ஊசிநூல், மதுரை

திரை என்ன துணி என்று முதலில் சொல்லுங்கள் அக்கா. கடையில் 'காட்டன் ஃபினிஷ்' என்று சொல்லிக் கொடுப்பதில் பாதிக்கு மேல் பாலியஸ்டர்.

சிட்டமும்பாவும், ஈரோடு

ஊசிநூல் கேட்டதுதான் முதல் கேள்வி. எந்தச் சாயம், எவ்வளவு உப்பு என்பதெல்லாம் அதற்கு அப்புறம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நூலுக்குச் சாயம் தோய்க்கிறோம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரையின் உள்மடிப்பிலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்குக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் தாள் எரிகிற வாசனை வரும், ஊதினால் பறக்கிற சாம்பல் நிற்கும். பாலியஸ்டர் எரிவதற்கு முன்பே சுருங்கி உருகும், கரும்புகை விடும், ஆறினால் நசுக்க முடியாத கருப்பு மணியாக இறுகிவிடும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம். அதன் மணியை விரலால் நசுக்கினால் பொடியாகும். ரேயான், விஸ்கோஸ் இரண்டும் பருத்தி மாதிரியே எரியும். அவையும் மூலத்தில் மரக்கூழ்தான், பருத்திக்கான சாயத்தை நன்றாகவே குடிக்கும். ஆனால் ஈரத்தில் பலம் குறைவு, முறுக்கிப் பிழியக்கூடாது.

ஏன் இவ்வளவு தூரம் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், ஒவ்வொரு இழைக்கும் சாயம் வேறு. பருத்திக்கு, இழையோடு பிணைந்துகொள்கிற ரியாக்டிவ் சாயம். பட்டு, கம்பளி, நைலானுக்கு ஆசிட் சாயம். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம். அதுவும் மில்லில் அழுத்தக் கலனில் 130 டிகிரியில் ஏற்றுவது. வீட்டு அடுப்பில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. பருத்திச் சாயத்தில் பாலியஸ்டர் திரையை இரவெல்லாம் ஊற வைத்தாலும் காலையில் அலசினால் சந்தன நிறம் அப்படியே திரும்பி வரும்.

காவேரிக்கரை அம்மா சொல்கிற முறை டைரக்ட் சாயத்துக்கு உரியது. 1884-இல் ஜெர்மனியில் காங்கோ ரெட் வந்ததிலிருந்து அந்த வகை இருக்கிறது. கொதிநீரும் உப்பும் போதும், சுலபம். ஆனால் அது இழையில் ஒதுங்கி நிற்குமே தவிர அதோடு பிணையாது, துவைக்கத் துவைக்க இறங்கும். பெட்டிக்கடைப் பாக்கெட்டுகளும் 'எல்லாத் துணிக்கும்' என்று போட்ட பாக்கெட்டுகளும் பெரும்பாலும் இந்த டைரக்ட் சாயமும் ஆசிட் சாயமும் உப்பும் சேர்ந்த கலவைதான். உங்கள் சுடிதாருக்கும் இதைப் போட்டிருக்கலாம். ரியாக்டிவே போட்டு, கடைசியில் ஒழுங்காக அலசாமல் கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

குர்தாவுக்கும் வேட்டிக்கும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ரியாக்டிவ் 'கோல்டு பிராண்ட்'. எம் பிராண்ட் என்றும் சொல்வார்கள். 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி புரோசியான் என்ற பெயரில் முதலில் விற்ற வகை. கொதிக்க வைக்கவே வேண்டாம், நம் ஊர் வெயிலில் வாளித் தண்ணீரின் சூடே போதும். எச் பிராண்ட் கொடுத்தால் வாங்காதீர்கள், அதற்கு 80 டிகிரி சூடு வேண்டும். ஈரோடு, கரூர், சின்னாளப்பட்டி மாதிரி நெசவு ஊர்களில் சாயக்கடையில் நூறு கிராமாகவும் நிறுத்துத் தருவார்கள்.

முல்லைக்கொடி, திருச்சி

கொளுத்திப் பார்த்தேன். திரை கரும்புகை, கருப்பு மணி. போச்சு. குர்தாவும் வேட்டியும் தாள் வாசனை, வெள்ளைச் சாம்பல். சரி அண்ணா, திரையை விட்டுவிடுகிறேன். குர்தாவுக்கு அளவோடு சொல்லுங்கள்.

காவேரிக்கரை, கும்பகோணம்

தம்பி சொல்வது தொழிலுக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் உப்புத் தண்ணீரில் முக்கினால் சாயம் குறைவாகப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது எப்படிப் பொய்யாகும்?

சிட்டமும்பாவும், ஈரோடு

பொய் இல்லை அம்மா, நீங்கள் பார்த்தது சரிதான். உப்பு இருக்கிற தண்ணீரில் சாயம் கரைவதைவிட இழையில் ஒதுங்கி நிற்கவே பார்க்கும். அதனால் அந்த வாளியில் நிறம் குறைவாக இறங்கும். அடுத்த வாரம் நல்ல தண்ணீரில் துவைக்கும்போது மிச்சம் இறங்கத்தான் செய்யும். சாயம் போகும் புதுச்சேலையை மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக அலசுவதுதான் உண்மையில் வேலை செய்கிறது. நல்ல பெயர் மட்டும் உப்புக்குப் போய்விட்டது.

வினிகர் விஷயத்தில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. பட்டுக்கும் கம்பளிக்கும் சாயம் ஏற்றும்போது தொட்டியில் புளிப்பு வேண்டும், அங்கே வினிகருக்கு வேலை உண்டு. பருத்தியில் அது எதையும் பூட்டாது. ரியாக்டிவ் சாயம் இழையோடு சேர்வதே காரத்தில்தான். அமிலம் அந்தப் பிணைப்புக்கு நல்லதும் இல்லை.

முல்லைக்கொடி, இதோ அளவு. துணி உலர்ந்திருக்கும்போது எடை போடுங்கள். அரைக் கிலோ துணி என்று வைத்துச் சொல்கிறேன்.

முந்தின நாளே துணியைச் சூடான தண்ணீரில் கொஞ்சம் சலவை சோடாவும் சோப்பும் போட்டு ஊற வைத்து நன்றாகத் துவைத்துவிடுங்கள். கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, சென்ட் எல்லாம் வெளியேற வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் திட்டுத்திட்டாக வருகிறது. வாஷிங் மெஷினில் போடும் கம்ஃபர்ட் மாதிரிச் சமாச்சாரங்களை அன்றைக்கு விட்டுவிடுங்கள். துணி ஈரமாகவே சாயத்துக்குள் போகட்டும்.

பத்து லிட்டர் தண்ணீர், பெரிய பிளாஸ்டிக் வாளி. எவர்சில்வர் அண்டாவும் ஆகும், ஆனால் திரும்பச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. அலுமினியம் வேண்டவே வேண்டாம், சோடா அதைத் தின்றுவிடும். அரைக் கிலோவிலிருந்து அறுநூறு கிராம் வரை உப்பு. ஆமாம், ஒரு கைப்பிடி இல்லை, அரைக் கிலோ! சாயப்பொடி நடுத்தர நிறத்துக்கு 10 கிராம் போதும். கருப்புக்கு அது காணாது. 30, 40 கிராம் வரை வேண்டும். கருப்பு என்று தனிச் சாயம் பெரும்பாலும் கிடையாது, கருநீலமும் ஆரஞ்சும் மற்றதும் கலந்ததுதான். அளவு குறைந்தால் கருப்புக்குப் பதில் ஒரு மங்கின கத்தரிப்பூ நிறம் வந்து நிற்கும்.

பொடியை முதலில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாகக் குழைத்து, வடிகட்டி, பிறகு வாளியில் விடுங்கள். கரையாத ஒரு துணுக்கு போதும், மார்பில் சரியாகப் புள்ளி விழும். இருபது முப்பது நிமிஷம் கிளறிக்கொண்டே இருங்கள். அதற்கு அப்புறம் 100 கிராம் சோடா ஆஷை வேறு பாத்திரத்தில் கரைத்து, துணியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். துணி மேலேயே ஊற்றினால் அந்த இடம் மட்டும் கருத்துவிடும். அதிலிருந்து ஒரு மணி நேரம். முதல் கால் மணி விடாமல் கிளற வேண்டும், பிறகு அவ்வப்போது.

சோடா விஷயத்தில் ஒன்று. ஆப்ப சோடா இல்லை. மளிகைக்கடையில் கண்ணாடிக்கல் மாதிரிப் பளபளவென்று இருக்கிற சலவை சோடா கிடைத்தால் 270 கிராம் போட வேண்டும், ஏனென்றால் அந்தப் படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மாவு மாதிரி உலர்ந்திருப்பது சோடா ஆஷ், அது 100 போதும்.

போர் தண்ணீர் கடினமாக இருந்தால் நிறம் மங்கும். சாயக்கரைசலுக்கு மட்டுமாவது மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்துக்கொள்ளுங்கள்.

அலசுவதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். பாதி வேலை அங்கேதான்.

பனைநிழல், டொரொண்டோ

குறுக்கே வாறதுக்கு மன்னிக்க வேணும். நான் யாழ்ப்பாணம், இப்போது கனடா. ஈரோட்டு அண்ணா சொன்ன அளவு இங்கேயும் சரிதான், ஒரேயொரு வித்தியாசம்: எங்கட குழாய்த் தண்ணி பனிக்காலத்தில கை விறைக்கிற குளிர். அதில கோல்டு பிராண்ட் சாயம் சோம்பிப் போயிடும். 35, 40 டிகிரிக்குச் சூடாக்கித்தான் நான் தொடங்கிறது.

முல்லைக்கொடி அக்கா, திரைக்கு வழியே இல்லை என்று இல்லை. செயற்கை இழைக்கென்றே வீட்டுச் சாயம் இருக்கு. இங்கே ரிட் டைமோர் என்று விற்கினம். அதைப் பெரிய சட்டியில் கிட்டத்தட்டக் கொதிநிலையில அரை மணிக்கு மேல வைத்துக் கிண்ட வேணும். ஒரு பிளவுஸ் அளவுக்குச் சரி. ஹால் திரை கொள்ளிற சட்டியும் அடுப்பும் எங்கே போய்த் தேடுறது? துணி நெருக்கமாக இருந்தால் மடிப்பு மடிப்பாகக் கோடு விழும். புதுத் திரை வாங்கிறதுதான் மலிவு.

சாயம் என்றதும் எனக்கு ஞாபகம் வாறது அப்புவின் வலை. நைலான் வலை வருமுன்னம் எங்கட பக்கத்தில பருத்தி நூல் வலையைப் பனிச்சங்காய் இடித்து ஊற வைத்த தண்ணியில தோய்த்துக் காயவிடுவினம். அழகுக்கு இல்லை, உப்புத்தண்ணியில நூல் உக்காமல் இருக்க. துவர்ப்பு நூலில ஏறி, வலை கறுத்து விறைத்து நிற்கும்.

ஊசிநூல், மதுரை

தையல்காரன் பார்வையில் சில விஷயம். குர்தா பருத்தியாக இருந்தாலும் தைத்த நூல் பாலியஸ்டர். சாயம் அதில் ஏறாது. உங்களுக்குக் கருப்பு மேல் கருப்பு, அதனால் தெரியாது. வெள்ளைக் குர்தாவை மெரூன் ஆக்கினால் கழுத்துப் பட்டி, பாக்கெட், பொத்தான் காஜா எல்லாம் வெள்ளைக் கோடாக எட்டிப் பார்க்கும். சில பேர் அதை டிசைன் என்றே சொல்லிப் போட்டுக்கொள்கிறார்கள், பார்க்க நன்றாகவும் இருக்கிறது.

எலாஸ்டிக், ஜிப் பட்டை, உள் லைனிங், லேபிள் இதுவும் அப்படியே. 'சுருங்காதது, இஸ்திரி வேண்டாதது' என்று விற்ற சட்டைகளில் மேலே ஒரு பூச்சு இருக்கும், பருத்தியானாலும் சாயம் சரியாகப் பிடிக்காது. பள்ளிச் சீருடைத் துணி மாதிரி பாலியஸ்டரும் பருத்தியும் கலந்ததில் பருத்திப் பங்கு மட்டும்தான் நிறம் எடுக்கும். கருப்பு போட்டால் சாம்பல் கிடைக்கும்.

ப்ளீச் தெளித்து வெள்ளைப் புள்ளி விழுந்த துணியைக் கொண்டுவந்து அதே நிறம் போட்டுக் கொடு என்பார்கள். புள்ளியும் சாயம் எடுக்கும், சுற்றியுள்ள துணியும் எடுக்கும். கடைசியில் புள்ளி ஒரு மாற்று வெளிறியே தெரியும். கருப்பு, கருநீலம் போட்டால் ஓரளவு மறையும். வெளிர் நிறத்தில் ஆசையை விட்டுவிட வேண்டும்.

சிட்டமும்பாவும், ஈரோடு

அலசுவதற்கு வருகிறேன்.

ரியாக்டிவ் சாயம் இழையோடு சேர்வதற்குள் அதில் ஒரு பங்கு தண்ணீரோடேயே சேர்ந்து செத்துப்போகும். நல்ல தொட்டியிலும் நூற்றுக்கு 20, 30 பங்கு அப்படிப் போகும். செத்த சாயம் இழையோடு பிணையாது, ஆனால் இழைக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கும். அதை முழுக்க வெளியே எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது துணி கிழியும் வரை இருக்கும். எடுக்காமல் விட்டால் அதுதான் வியர்வையிலும் மழையிலும் கசிந்து பக்கத்துத் துணியைக் கெடுக்கும். 'சாயம் போகுது' என்று திட்டுவது பெரும்பாலும் இந்த அலசாத மிச்சத்தைத்தான்.

முதலில் பச்சைத்தண்ணீரில் அலசுங்கள். உப்பும் சோடாவும் போனால்தான் செத்த சாயம் இழையை விடும். எடுத்தவுடனே வெந்நீருக்குப் போகாதீர்கள். தண்ணீரின் வழுவழுப்பு போனபிறகு, கை பொறுக்காத சூட்டில் வெந்நீர், கொஞ்சம் சோப்புத்தூள், கால் மணி நேரம் ஊறல். அந்தத் தண்ணீர் பயமுறுத்துகிற மாதிரிக் கருப்பாக வரும், வரட்டும். கொட்டிவிட்டு மறுபடியும் வெந்நீர். தண்ணீர் லேசான டீ நிறத்துக்கு வரும் வரைக்கும் இதையே செய்ய வேண்டும். கருப்புக்கும் சிவப்புக்கும் அதிகம் பிடிக்கும், மஞ்சளுக்குச் சீக்கிரம் தெளியும்.

தெளிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி. ஈரத் துணி மேல் பழைய வெள்ளை வேட்டித் துண்டை வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் இன்னும் வெந்நீர் பாக்கி இருக்கிறது. சாயக்கடையில் 'டை ஃபிக்சர்' என்று ஒரு திரவம் உண்டு. டைரக்ட் சாயத்துக்கு அது நன்றாக உதவும். ரியாக்டிவுக்கு அலுப்புப்பட்டு அலசலைக் குறைக்கப் போடுவார்கள், நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பொடியைக் கையாளும்போது மாஸ்க்கும் ரப்பர் கையுறையும் கட்டாயம். ஃபேனை நிறுத்திவிடுங்கள். இந்தப் பொடி மூச்சில் போய்ப் போய் ஆஸ்துமா வந்த தொழிலாளிகள் உண்டு. தண்ணீரில் கரைந்த பிறகு அவ்வளவு பயம் இல்லை.

அவுரிக்காடு, திண்டிவனம்

ரசாயனம் இல்லாமல் கருப்பு முடியாதா என்று யாரும் கேட்கவில்லையே! முடியும். கலம்காரிக்காரர்கள் செய்கிற கருப்பு இரும்பும் கடுக்காயும்தான். துருப்பிடித்த ஆணி, பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டுப் புளிக்க விட்டால் கசாயம் மாதிரி ஒரு திரவம் கிடைக்கும். துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தி, அதன்மேல் இதைத் தொட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கருப்பு, பழைய எழுத்துமை மாதிரிதான்.

சிவப்புக்கு மஞ்சிட்டி, சாயவேர் என்ற செடிகளின் வேர். படிகாரம் போட்டு ஊன்றினால்தான் நிற்கும். சாயவேர் எங்கள் சோழமண்டலக் கரை மணலில் வளர்ந்தது. பனைநிழல் அண்ணா ஊரிலும் உண்டே?

நீலத்துக்கு அவுரி, அதாவது இண்டிகோ செடி. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பயிர் செய்து, தொட்டியில் இலையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கி, அடியில் படிவதை வடித்து வில்லையாகக் காயவைக்கிறார்கள். வீட்டில் செய்ய 1 பங்கு அவுரித் தூள், 2 பங்கு நீற்றுச் சுண்ணாம்பு, 3 பங்கு பழச்சர்க்கரை. வெந்நீரில் கலந்து மூடிவைத்தால் சில மணி நேரத்தில் மேலே தாமிரப் பளபளப்பாக ஒரு ஆடை கட்டும், அதை விலக்கினால் உள்ளே தண்ணீர் பச்சை கலந்த மஞ்சள் நிறம். அதில் முக்கி எடுத்த துணி பச்சையாகத்தான் வெளியே வரும். காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் பரவிக்கொண்டே போகும். அடர்த்தி வேண்டுமானால் நீண்ட நேரம் ஊறவைத்துப் பயனில்லை, முக்கி எடுத்து ஆறவிட்டு மறுபடி முக்க வேண்டும்.

பனைநிழல், டொரொண்டோ

இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் சாயவேர் கிண்டுறது கம்பெனியின் கட்டுப்பாட்டில இருந்தது. யார் கிண்டலாம், யாருக்கு விற்கலாம் என்றெல்லாம் கணக்கு. இப்போ அந்தச் செடியைக் காட்டினாலும் எங்கட பிள்ளைகளுக்குத் தெரியாது.

சிட்டமும்பாவும், ஈரோடு

அவுரி நீலத்துக்கு நான் அடிமை, அதில் சண்டை இல்லை. ஆனால் இரும்புக் கருப்பைக் குர்தாவுக்குச் சொல்லாதீர்கள். இரும்பு பருத்தியை நாள்பட அரிக்கும். மியூசியங்களில் பழைய கலம்காரித் துணியில் கருப்புக் கோடு போன இடம் மட்டும் இற்றுப்போயிருப்பதைப் பார்க்கலாம். வாரம் இரண்டு முறை துவைக்கிற துணிக்கு அது ஆகாது. இயற்கை என்பதால் நிற்கும் என்றும் இல்லை. மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது வேட்டியை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கட்டுகிறோம். நாலு நாள் வெயிலில் வெளுத்துவிடும், சோப்புப் பட்ட இடம் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து குங்குமம் ஆகிற அதே விஷயம்தான். விரதத்துக்கு அது போதும், குர்தாவுக்குப் போதாது.

அவுரிக்காடு, திண்டிவனம்

மஞ்சளை நான் எங்கே சொன்னேன்! மஞ்சிட்டியையும் அவுரியையும் மஞ்சளோடு சேர்க்காதீர்கள் அண்ணா. கடுக்காய் நன்றாக ஏறின துணியில் மஞ்சிட்டிச் சிவப்பு தலைமுறை தாண்டி நிற்கும். இரும்புக் கருப்பு பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். தோளில் போடும் துண்டு, சுவரில் மாட்டும் துணி என்றால் செய்யலாம், தினசரி உடுப்புக்கு வேண்டாம்.

நொய்யல்கரை, திருப்பூர்

எல்லோரும் நிறத்தைப் பேசுகிறீர்கள், கொட்டுகிற தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அரைக் கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு என்றால், பனியன் துணி டன் கணக்கில் சாயமேறும் ஊரில் எவ்வளவு உப்பு ஆற்றில் இறங்கியிருக்கும்? எங்கள் நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது. கடைசியில் சாயக்கழிவு தேங்குகிற குட்டையானது. விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கழிவுநீரைச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடச் சொன்னது. இப்போது திரவக் கழிவே வெளியே விடக்கூடாது என்பது விதி. நிறத்தை வடிகட்டுவது ஒரு பாடு, கரைந்த உப்பைப் பிரிப்பது அதைவிடப் பெரிய செலவு.

வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை செய்வதை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் வாளித் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றாதீர்கள். உப்பும் சோடாவும் மண்ணைக் கெடுக்கும், செடி கருகும். கிணற்றடியிலும் வேண்டாம். சாக்கடையிலேயே நிறையத் தண்ணீரோடு விடுங்கள்.

காவேரிக்கரை, கும்பகோணம்

ஒரு பழைய பட்டுப்புடவை. பச்சை உடல், அரக்குக் கரை. உடல் வெளிறிவிட்டது. இந்த எம் பிராண்டில் முக்கலாமா தம்பி? நான் வினிகரை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன், பயப்படாதே.

சிட்டமும்பாவும், ஈரோடு

அம்மா, பட்டுக்குத்தான் வினிகர், வெளியே எடுங்கள்! பட்டுக்கு சோடா ஆகாது, மினுமினுப்புப் போய்ச் சொரசொரப்பாகும். ஆசிட் சாயம், புளிப்புத் தண்ணீர், கொதிக்கவிடாமல் 85, 90 டிகிரி. ஆனால் நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். முழுப் புடவையும் ஒரே நிறத்தில் மூழ்கும், அரக்குக் கரை மேல் பச்சை ஏறினால் பழுப்பாகிவிடும், ஜரிகையும் மங்கலாம். கரையைக் கட்டி மறைத்து உடலுக்கு மட்டும் சாயம் போடுகிற ஆட்கள் பட்டு நெசவு ஊர்களில் இருக்கிறார்கள். கட்டிக்கொள்ளும் ஆசை இல்லை என்றால் அப்படியே பெட்டியில் வையுங்கள், வெளிறிய பச்சையும் அழகுதான்.

ஊசிநூல், மதுரை

சாயம் போவதையே பெருமையாக விற்ற கதையும் ஒன்று உண்டு. 1958-இல் நம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை வாங்கிப்போய் அமெரிக்காவில் ஒரு பெரிய கடை சட்டையாக விற்றது. துவைத்தால் ஒரு நிறம் இன்னொன்றில் கலந்தது, வாங்கினவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விளம்பரக்காரர்கள் அதையே 'சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்' என்று திருப்பிப் போட்டார்கள், துணி பிய்த்துக்கொண்டு போனது. என் கடையில் அப்படிச் சொன்னால் உதைதான் கிடைக்கும்.

முல்லைக்கொடி, திருச்சி

செய்துவிட்டேன். சாயம் கரூரிலிருந்து அண்ணன் வாங்கி அனுப்பினார், கோல்டு பிராண்ட் கருப்பு. மாடியில் வைத்துச் செய்தேன். சோடா ஊற்றும் வரை தண்ணீர் கருநீலமாகத்தான் இருந்தது, எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஊற்றிக் கிளறின பிறகு துணி கருக்க ஆரம்பித்தது. வெந்நீர் அலசல்தான் இடுப்பை உடைத்தது. இஸ்திரிச் சோதனையில் முதலில் வெள்ளைத் துண்டில் நீலம் ஏறியது. இன்னும் இரண்டு வாளி வெந்நீர் காட்டிய பிறகு சுத்தம். வேட்டி புதுசு மாதிரி. குர்தாவும் நன்றாகவே வந்திருக்கிறது, ஆனால் ஒன்றில் மட்டும் அக்குள் பக்கம் பழுப்பாக ஒரு திட்டு. ஏன்?

இன்னொன்று, பொடி மீதம் இருக்கிறது. கரைத்ததிலும் ஒரு டம்ளர் எடுத்து வைத்திருக்கிறேன்.

சிட்டமும்பாவும், ஈரோடு

வாழ்த்துகள். அக்குள் திட்டுக்கு டியோடரன்ட் பிசுக்குதான் காரணமாக இருக்கும். மேலோட்டமான துவையலில் அது போகாது, சாயத்தை உள்ளே விடாது. அந்த இடத்தில் மட்டும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் தேய்த்து வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்துவிட்டு, முழுக் குர்தாவையும் மறுபடி பாதி அளவுச் சாயத்தில் போடுங்கள். திட்டில் மட்டும் தூரிகையால் தடவலாம் என்று நினைக்காதீர்கள், ஓரம் கட்டும்.

பொடி காற்றுப் புகாமல், ஈரம் படாமல் இருந்தால் வருஷக்கணக்கில் கெடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டம்ளரில் இருப்பது சோடா சேர்ப்பதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா? முன் என்றால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே சில நாள் தாங்கும். பின் என்றால் அது அன்றைக்கே செத்துவிட்டது, நிறம் மட்டும்தான் இருக்கும். கொட்டிவிடுங்கள்.

முல்லைக்கொடி, திருச்சி

பின். கொட்டிவிட்டேன், முருங்கைக்கு இல்லை. திரைக்குக் கைத்தறிக் காடாத் துணி எடுத்துக் கரும்பச்சை போடலாம் என்று இருக்கிறேன். காடாவில் கஞ்சி நிறைய இருக்குமே, ஒரு துவையல் போதுமா?

ஊசிநூல், மதுரை

போதாது அக்கா. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் சோடா போட்டுக் கொதிக்க வையுங்கள். தண்ணீர் மஞ்சளாக வரும், அது போன பிறகு சாயம். சுருக்கத்துக்கு மீட்டருக்கு நாலு விரல் கூடுதலாக எடுங்கள், தைப்பது சாயத்துக்கு அப்புறம். முடிந்தால் பருத்தி நூலிலேயே தைக்கச் சொல்லுங்கள், பின்னால் எப்போதாவது நிறம் மாற்ற ஆசை வந்தால் தையலும் சேர்ந்து மாறும்.